பதினொரு மணிக்கு விடிந்த திருவிழா

பட்டியல் போட்டு வாழ்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பட்டியலில் இல்லாத ஒன்று உலகத்திலேயே இல்லை என்று நம்பிவிடுவார்கள். நான் அதில் முற்றிய நோயாளி. கடைக்குப் போகவும் பட்டியல், அழுவதற்கும் பட்டியல் (முதல் வேலை: கதவைத் தாழிடவும்).

அப்பா, கொடைக்கானலில் எங்கள் பங்குக் கோயிலின் கோயில்பிள்ளை. மணி, மெழுகுவர்த்தி, மைக் எல்லாம் அவர் பொறுப்பு. மணிக்கூண்டுக்கு நாற்பத்தோரு படி. மூன்று வருடங்களுக்கு முன் அவர் முட்டி ஏற மறுத்தது.

"இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஒங்களுக்கு எதுக்குங்க இந்தச் சோலி? வேற ஆளப் பாப்போம்" என்றார் புதிதாக வந்த பங்குத்தந்தை. அன்பாகத்தான் சொன்னார். அப்பா அன்று சாப்பிடவில்லை.

கம்ப்யூட்டர் படித்த மகள் எதற்கு இருக்கிறாள்? மணியோசையைப் பதிவு செய்து, காலை ஐந்தரைக்கு என் லேப்டாப்பிலிருந்து ஒலிபெருக்கியில் தானாக ஒலிக்கும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். மணிக்குப் பின்னால் அப்பாவின் குரல்: "விடிஞ்சிருச்சு, எந்திரிங்க! தூங்குனது போதும். வெரசா வாங்க. கடைசி பெஞ்சத் தேடாதீங்க!"

"திருவிழா வரைக்கும் பாப்போம்" என்றார் ஃபாதர்.

லேப்டாப் ஒன்று, உள்ளே குடித்தனம் இரண்டு: லினக்ஸ், விண்டோஸ் என்று இரண்டு இயங்குதளங்கள். என் அலுவலக வேலைக்கு லினக்ஸ் வேண்டும். கோயில் பாட்டுகளோ ஏதோ பழைய எழுத்துருவில் அடித்தவை. விண்டோஸில் மட்டுமே தமிழாகத் தெரியும். லினக்ஸில் திறந்தால் 'ஆண்டவரே' என்ற இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கொட்டும். விண்டோஸ் அப்டேட் ஆகும்போதெல்லாம் பக்கத்தில் லினக்ஸ் இருப்பதையே மறந்துபோகும். ஒன்றில் இணைத்த ஸ்பீக்கரை மற்றது யாரோ என்று பார்க்கும்.

"ஒத்த அடுப்புல ரெண்டு பேரு சமைச்சா இப்படித்தான்டி" என்பார் அம்மா.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. லேப்டாப்புக்குள் கடிகாரம் ஒன்றுதான். அதில் லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதை நம் ஊர் நேரம் என்று நம்பி ஐந்தரை மணி நேரம் பின்தங்கிவிடும். நெட் இருந்தால் தானே திருத்திக்கொள்ளும். வீட்டில் நெட் இருந்தது, தினமும் விண்டோஸை அங்கேயே திறந்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கொண்டுபோவேன், அதனால் எதுவும் வெளியே தெரியவில்லை. கோயிலில் நெட் கிடையாது.

திருவிழா ஞாயிறு. காலை மணி சரியாக அடித்தது. லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்து வந்ததும் அலுவலகத்திலிருந்து அவசர அழைப்பு. லினக்ஸில் அரைமணி நேர வேலை. முடித்து, மூடி, கோயிலுக்கு ஓடி, விண்டோஸைத் திறந்தேன். பட்டியலில் பதினான்கு டிக். புரொஜெக்டரில் காட்டுவதற்காகத் திரை முழுக்கப் பாட்டு வரிகள் நிறைந்ததால் மூலையில் இருந்த கடிகாரம் மறைந்துபோனது.

பத்து மணிக்குப் பூசை. சிறப்புப் பிரசங்கத்துக்குக் கீழே சமவெளியிலிருந்து ஒரு ஃபாதர் வந்திருந்தார். பத்து இருபதுக்கு நோவாவின் பேழையில் ஏறியவர் இறங்கவே இல்லை. வெளியே மூடுபனி, உள்ளே ஸ்வெட்டர் கதகதப்பு. பாதிக் கோயில் கண்ணை மூடி பக்தியில் இருந்தது (குறட்டையுடன்).

சரியாகப் பதினொன்று. லேப்டாப்புக்குக் காலை ஐந்தரை.

டாண்! டாண்! "விடிஞ்சிருச்சு, எந்திரிங்க! தூங்குனது போதும்!"

எங்கள் பங்கில், அப்பாவின் குரல் மைக்கில் சொன்னால் எழுவோம், சொன்னால் உட்காருவோம். இருபது வருடப் பழக்கம். மொத்தக் கோயிலும் எழுந்து நின்றது. கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் குற்ற உணர்வோடு முன்னால் நகர்ந்தார்கள். பீடத்தருகே அப்பா தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஏடி, ஒங்கப்பா வாயே அசையலயே!" என்றார் அம்மா.

நான் பாய்ந்து ஒரு வயரைப் பிடுங்கினேன். புரொஜெக்டர் அணைந்தது. ஒலிபெருக்கியில் அப்பா இன்னொரு முறை எல்லோரையும் எழுப்பினார்.

பிரசங்கி, நிற்கும் கூட்டத்தைப் பார்த்தார். பேழையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, பிரசங்கம் முடிந்ததும் எல்லோரும் நின்று சொல்லும் நம்பிக்கை அறிக்கையைச் சொல்லத் தொடங்கினார்.

பூசை முடிந்ததும் பங்குத்தந்தை எங்களை அறைக்கு அழைத்தார். நான் மன்னிப்புப் பட்டியலோடு போனேன். அப்பா முந்திக்கொண்டார்.

"நாளைக்கே சாவியக் குடுத்துர்றேங்க ஃபாதர்."

ஃபாதர் கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாவி ஒங்ககிட்டயே கெடக்கட்டும். அந்தப் பிரசங்கத்துல எனக்கும் காலு மரத்துப் போச்சுங்க. அந்தக் கம்ப்யூட்டர் மணியச் சரி பண்ணிருமா." கொஞ்சம் யோசித்தார். "அடுத்த திருவிழா முடிஞ்சு பண்ணு."

அன்றே கடிகாரக் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன், ஒரே ஒரு வரி கட்டளை. செய்தி எப்படிப் பரவியதோ, இப்போது எங்கள் கோயிலில் எந்தப் பிரசங்கமும் பதினைந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. அப்பா இன்றும் கோயில்பிள்ளைதான்.

வீட்டில் யார் நீட்டி முழக்கினாலும் "மணி அஞ்சரை" என்பது வழக்கமாகிவிட்டது. போன மாதம் என்னைப் பெண் பார்க்கத் திண்டுக்கல்லிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு மணி நேரமாகக் குடும்பப் பெருமை பேசினார். அப்பா காலி டம்ளரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "விடிஞ்சிருச்சு."

நாங்கள் மூவரும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றோம். மரியாதை என்று நினைத்து அவர்களும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் அப்படியே கும்பிட்டு விடைபெற்றுப் போய்விட்டார்கள்.

(பதில் இன்னும் வரவில்லை. பட்டியலில் டிக் இல்லாமல் இருக்கிறது.)