வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சளி, இருமல், கடன்காரர் தொல்லை எதுவும் இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டேன். கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அங்கிருந்து யாராவது உனக்குப் போன் செய்து, உங்கள் அண்ணன் படிக்கட்டில் நின்று அழுதார் என்று சொல்லியிருக்கக்கூடும். அவர்கள் சொல்லி நீ கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பைச் சேர்த்த பிறகு, நடக்கப் பழகுவதற்காக என்னை எங்கள் வட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் அல்லவா, அங்கே எனக்கு ராஜ மரியாதை. கட்டிலோடு ஒரு மணி. கண்டக்டராக இருந்த காலமெல்லாம் நான் மணி அடித்தால் பஸ் நிற்கும். நான் மணி அடித்து மனுஷர் ஓடிவந்தது இங்கேதான். அப்படி இருக்கையில் ஒருநாள் டாக்டர் வந்து, "எலும்பு நல்லா சேர்ந்திருச்சு, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்" என்று சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர், நாங்கள் வைத்த பெயர் குறட்டை, "கொடுத்து வச்சவர்யா நீங்க" என்றார். எனக்கோ சிரிப்பு வரவில்லை. உன் அண்ணி போனபின் அந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் என்பது உனக்குத் தெரியும். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் எனக்கு மயக்கம் வர ஆரம்பித்தது. சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்த்து, "இது என்னோடதைவிட நல்லா இருக்கு" என்றார். சரியென்று பசியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். குறட்டையின் பிஸ்கட்டை நான் எடுத்துத் தின்றதை அவரே காட்டிக்கொடுத்துவிட்டார். கடைசியில் வார்டு முனையில் பழகுவதற்காக வைத்திருந்த மரப்படியில் கால் வைத்ததும் ஐயோ அம்மா என்று கத்தினேன். நடைப்பயிற்சி கொடுக்கும் பெண் கையைக் கட்டிக்கொண்டு, "நேத்து டீ வண்டி பின்னாடி அவ்வளவு வேகமா போனீங்களேய்யா?" என்று கேட்டாள். "அது சமதரைம்மா" என்றேன்.

இந்தச் சமயத்தில்தான் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் தங்கியிருப்பவர்களுக்குக் கவனிப்பு எப்படி, வீட்டுக்குப் போகிறவர்களுக்கு என்ன உதவி கிடைக்கிறது என்று விசாரிப்பது அவர்கள் வேலை. கண்ணாடி போட்ட அதிகாரியம்மா என் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்க எப்படிப் பார்த்துக்கிறாங்க?" என்றார். "தங்கமா பார்த்துக்கிறாங்க" என்றேன். சிஸ்டர் முகம் மலர்ந்தது. "அப்ப சந்தோஷமா வீட்டுக்குப் போகலாம், இல்லையா?" என்று அதிகாரியம்மா கேட்டாரே பார், எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. "வீடா? என் வீடு எங்க இருக்குன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? வாங்க, காட்டுறேன்!" என்று வாக்கரைப் பிடித்து எழுந்தேன். "நகருங்க, வழி விடுங்க, உள்ள போங்க" என்று பஸ்ஸில் போட்ட சத்தத்தையே போட்டுக்கொண்டு வார்டு முழுக்க நடந்து, வாக்கரை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பற்றி, அந்த மரப்படியில் கிடுகிடுவென்று ஏறி உச்சியில் நின்றேன். "இதான் என் வீடு! இந்தா, இது பாத்ரூம். இங்கதான் விழுந்தேன்!" கீழே எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். அந்தப் பெண் மட்டும் மெதுவாக, "ஐயா, ஏறிட்டீங்க" என்றாள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நாலைந்து படிதான், எனக்குக் கிணறாகத் தெரிந்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். "இறங்கத் தெரியலைம்மா" என்றேன். அழுதது அப்போதுதான்.

அவள் ஏறி வந்து என்னை உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தாள். "வலியா, பயமாய்யா?" என்றாள். உனக்குக்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். லேசாக வழுக்கியது என்று உன்னிடம் சொன்னது பொய். காலையில் விழுந்தவன் சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தேன். தனியாக இருக்கிறவனுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? போட்டிருந்தேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. திறந்து கிடந்த குழாய்த் தண்ணீர் கீழ்வீட்டுக்குள் ஒழுகியதால், என்னோடு சண்டை போட ஏறி வந்த தையல்காரர்தான் கதவை உடைத்தார். "குழாயை மூடியிருந்தா நான் இப்ப இல்லம்மா" என்றேன். கேட்டுக்கொண்டிருந்த அதிகாரியம்மா, "இவர் வீட்டை யாரும் போய்ப் பார்க்கலையா?" என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை தள்ளிப்போனது. அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளைக் கழற்றவைத்தாள், பாத்ரூம் சுவரில் கைப்பிடி அடிக்கவைத்தாள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான் தந்திருக்கிறார்கள். அமுக்கினால் தையல்காரர் வீட்டில் அலறும். முதல் நாளே அதன்மேல் புரண்டு படுத்துத் தொலைத்தேன். மனுஷர் அளவெடுக்கும் நாடாவும் கத்தரிக்கோலுமாக ஓடிவந்தார். தினம் காலையில் ஒரு நர்ஸ் வருகிறாள். நான் குளிக்கும்போது வெளியே நின்று, "ஐயா, இருக்கீங்களா?" என்கிறாள். "இருக்கேம்மா" என்கிறேன். அப்படி ஒருத்தர் கேட்க, நான் பதில் சொல்ல, தண்ணீர்கூடச் சுகமாக இருக்கிறது.

ஆகவே எனக்குப் பயமெல்லாம் போயே போய்விட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைக் கெடுத்துக்கொண்டு நீ ஓடிவர வேண்டியதே இல்லை. மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும். பாத்ரூமில் ஓட வேண்டாம் என்று சொல்.

இப்படிக்கு,
தைரியமாக இருக்கும் உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் நர்ஸ் வந்தாள். "இப்ப நல்லா தேறிட்டீங்கய்யா. அடுத்த வாரத்திலேர்ந்து நான் வர வேண்டியதில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறாள். மேலே தைரியம், பயம் போய்விட்டது என்றெல்லாம் எழுதியிருக்கும் இடங்களை அடித்துவிட்டுப் படி. கிடைக்கிற வண்டியில் ஏறி வா. ஒரே ஒரு வாரம் இருந்தால் போதும். ஒரு மாதத்துக்கு வேண்டிய துணியாக எடுத்துக்கொள்.