மணியை அழுத்தவும்

பாட்டு வெளியாகி மூன்று வாரம் ஆகியும் சந்தாதாரர் எண்ணிக்கை நான்கிலேயே நின்றது. அந்த நான்கில் ஒருவர் ஒற்று சார். இரண்டாமவர், அலுவலகக் கணினி வழியாக நுழைந்த அதே ஒற்று சார். மூன்றாமவர், அவர் வேலை பார்க்கும் அச்சகத்தின் பைண்டர். நான்காவது, ஏதோ ஒரு தண்ணீர்த்தொட்டிக் கம்பெனி.

"நாலாவது ஆள் நிஜமாவே ரசிச்சு வந்திருக்கலாம் சார்," என்றார் பைண்டர், பசைக் கையைத் துடைத்துக்கொண்டே. "நீங்க தொட்டிக்குள்ள உட்கார்ந்து பாடற மாதிரிதானே கேக்குது."

ஒற்று சாருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் இருபத்தாறு வருடமாக அந்த அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பாடப்புத்தகமானாலும் பல்பொடி டப்பாவானாலும் ஒற்று மிகுமா மிகாதா என்று பாராமல் விட்டதில்லை என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் தள்ளிக்கொண்டே போய் ஒருநாள் காணாமல் போய்விட்டது. மூன்றாம் மாடியில் ஏழாம் எண் வீட்டில் தனியாக இருந்தார். ஒற்று என்பதோடு ஓர் ஐகாரத்தைச் சேர்த்தால் ஒற்றை என்று ஆகிவிடும். அதை அவரே எப்போதோ கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்.

சாயங்காலங்களில் பேச ஆளில்லாததால் பாட ஆரம்பித்தார். ஒரு கீபோர்டு, ஒரு மைக், இரண்டும் தவணையில் வாங்கியவை. வலைத்தளத்தில் தொடங்கிய சேனலுக்குப் பெயர் வைக்கும் இடம் வந்தபோது வேறெதுவும் தோன்றவில்லை. 'ஏழாம் எண் வீடு' என்று போட்டார். முதல் பாட்டின் பெயர் 'சும்மாதான் சாத்தியிருக்கு'. தாழ்ப்பாள் போடவில்லை, கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது, வருகிறவர்கள் வரலாம் என்பதுதான் பாட்டின் சாரம். ஆறு நிமிடமும் அதையேதான் சொல்லும்.

அதைப் பதிவுசெய்ய வீட்டில் சத்தம் போடக்கூடிய ஒவ்வொன்றின் வாயையும் அடைத்தார். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். கடிகாரத்தின் பேட்டரியை உருவினார். சொட்டும் குழாய்க்கடியில் துண்டு மடித்து வைத்தார். பழைய மெத்தையை அறுத்து, சுவரிலும் வாசல் கதவின் உள்பக்கத்திலும் ஸ்பாஞ்சை ஒட்டினார். அந்த மும்முரத்தில் ஒரு சாம்பல் நிற சாக்ஸும் எதற்கோ செலவாகிவிட்டது. அதன் ஜோடி மட்டும் பல வாரமாகக் கொடியில் தனியாகத் தொங்கியது. இவ்வளவும் செய்துதான் அந்தத் தொட்டிக் குரல் கிடைத்தது.

பாட்டை யாரும் கேட்கவில்லை. அக்கா மட்டும் போன் செய்தாள்.

"கேட்டேன்டா. பிரமாதம்!"

"எந்த வரிக்கா பிடிச்சுது?"

"எல்லா வரியும்தான்."

"பாட்டு ஆரம்பிக்கவே இருபது செகண்டு ஆகும்க்கா. நீ பதினோரு செகண்டு கேட்டதாத்தான் இங்க காட்டுது."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பதினோரு செகண்டும் பிரமாதம்டா."

ஒற்று சாருக்குப் பேரும் வேண்டாம், புகழும் வேண்டாம். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஆறு நிமிடமும் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, "கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

"விளம்பரம் இல்லாம ஒண்ணும் நடக்காது சார்," என்றார் பைண்டர். "உங்க பில்டிங்லயே இருபத்தெட்டு வீடு இருக்கு. லிஃப்ட்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க. கியூஆர் கோடு போட்டா போனைக் காட்டினதும் பாட்டு ஓடும். கடைசியில, பிடிச்சிருந்தா பெல் ஐகானை அமுக்குங்கன்னு மறக்காம எழுதுங்க. அதை அமுக்கினாத்தான் சந்தா கணக்கு ஏறும், ஆள் நம்ம பக்கம்."

ஒற்று சார் நோட்டீஸ் எழுத உட்கார்ந்தார். 'பெல்' என்பது மணி. அதில் சிக்கல் இல்லை. 'ஐகான்' என்பதுதான் இடித்தது. ஆங்கிலத்தை அப்படியே விட மனம் வரவில்லை. 'படவுரு' என்று எழுதிப் பார்த்தார். லிஃப்ட்டில் போகிறவன் எவனுக்குப் புரியும்? இருபத்தாறு வருடப் பழக்கத்தில் பென்சிலை எடுத்து, அந்த ஒரு சொல்லை மிகை என்று அடித்தார்.

நோட்டீஸ் இப்படி முடிந்தது: "ஏழாம் எண் வீடு. பாட்டுப் பிடித்திருந்தால் மணியை அழுத்தவும்."

'பாட்டுப் பிடித்திருந்தால்' என்பதில் ஒற்று மிகும். அவர் விடவில்லை.

இரண்டே நாளில் அதிசயம் நடந்தது. பத்தொன்பது முறை ஓடியிருந்த பாட்டு அறுபது முறை ஓடியிருந்தது. அதுவும் பாதிப் பேர் ஆறு நிமிடமும் கேட்டிருந்தார்கள். ஒற்று சார் அன்றைக்கு அச்சகத்தில் பதினாறு பக்கம் கொண்ட ஒரு முழுப் பாரத்தைப் பிழை பார்க்காமலே அனுப்பிவிட்டார்.

ஆனால் சந்தாதாரர் எண்ணிக்கை நான்குதான். ஒருவரும் மணியை அழுத்தவில்லை.

இது முன்பைவிட வலித்தது. கேட்காமல் போனவர்கள்மேல் என்ன வருத்தம் இருக்க முடியும்? கடைசி வரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, இது ஒரு அழுத்துக்குக்கூடத் தேறாது என்று முடிவு கட்டினார்களே, அதை எங்கே போய்ச் சொல்வது?

போதாக்குறைக்கு இன்னொரு தொல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டாவது பாட்டைப் பதிவுசெய்ய உட்கார்ந்தால், நடுநடுவே "கொய்ங்" என்று ஓர் இரைச்சல் விழுந்தது. முதல் பாட்டில் இல்லாத சத்தம். வந்த இடத்தையெல்லாம் ஒரு தாளில் குறித்து, ஓரத்தில் அச்சகத்துப் பிழைக்குறி போட்டு வைத்தார். இரைச்சலை அகற்றும் மென்பொருளை ஓட்டினார். இரைச்சல் போயிற்று. கூடவே அவர் குரலும் பாதி போயிற்று. இப்போது தொட்டிக்கு மூடியும் போட்டதுபோல் கேட்டது.

"மறந்திருப்பாங்க சார்," என்றார் பைண்டர். "இன்னொரு நோட்டீஸ் ஒட்டுங்க. சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டுக்குள்ள அமுக்கினாத்தான் பாட்டு நாலு பேருக்குப் போகுமாம். நெட்டுல போட்டிருக்கான்."

இரண்டாவது நோட்டீஸ் ஏறியது: "கேட்டால் மட்டும் போதாது. மணியை அழுத்தவும். மாலை ஆறு முதல் எட்டுக்குள் அழுத்தினால் நன்றியுடையவனாவேன்."

ஆறிலிருந்து எட்டு வரைதான் அவர் பதிவு செய்யும் நேரம். அன்று முதல் கொய்ங் ஒரு நாளைக்கு நாலு என்றிருந்தது ஒன்பது ஆயிற்று.

படிக்கட்டில் கீழ் வீட்டு டீச்சர் எதிரே வந்தார். வாயை மூடிக்கொண்டு போகிறவர் அல்லர்.

"ஏன் சார், நேத்து உங்களுக்காக ரெண்டு தடவை அழுத்தினேன்."

ஒற்று சார் படியிலேயே நின்றுவிட்டார். முதன்முதலாக ஒருவர்! ஆனால் உடனே கணக்கு இடித்தது. "ரெண்டு தடவையா அழுத்தினீங்க? அதாங்க தப்பு. முதல் தடவை அழுத்தினா வரும். ரெண்டாவது அழுத்தினா போயிடும்."

"வந்துட்டுப் போயிடுமா? எனக்கு வந்ததாவே தெரியலையே. ஒரு அஞ்சு நிமிஷம் நின்னு பார்த்தேன்."

"நிக்கவே வேண்டாங்க. உங்க வீட்டு சோபாவுல உட்கார்ந்துகிட்டே அழுத்தலாம்."

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "புரிஞ்சுது சார்," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். ஒற்று சாருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. பாவம், அவருக்கு போன் அவ்வளவாகப் பழக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அன்றே மூன்றாவது நோட்டீஸ் எழுதினார். "மணியை ஒருமுறை, அல்லது மூன்று முறை, அல்லது ஐந்து முறை அழுத்தவும். இரண்டு, நான்கு ஆகியவை பயன் தரா."

'தரா' என்பது சரியான வினைமுற்று. கட்டடத்தில் அதை ரசிக்க ஆளில்லை.

மறுநாள் லிஃப்ட்டில் மேல் வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஒற்று சார் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

"பாட்டுல ஒண்ணு, நேர்ல ஒண்ணா இருக்கீங்களே சார்."

"நேர்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்ங்க," என்றார் ஒற்று சார் உண்மையாகவே.

"அதுக்குன்னு இப்படியா? மூணு தடவை அழுத்துங்க, அஞ்சு தடவை அழுத்துங்கன்னு ஊரையே ஆட்டி வைக்கறீங்க. நாங்கல்லாம் வேலை வெட்டி இல்லாதவங்களா?"

லிஃப்ட் நின்றது. அவர் இறங்கிப் போய்விட்டார். ஒற்று சார் மூன்றாவது மாடியில் இறங்க மறந்து, திரும்பக் கீழே வரை போய், மறுபடி ஏறி வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொய்ங் வெறியாட்டம் ஆடியது. இப்போது அது மூன்று மூன்றாக வந்தது. ஒருமுறை ஐந்தாக வந்தது. பாட்டு இரண்டு வரி நகர்வதற்குள் கொய்ங், கொய்ங், கொய்ங். எட்டு மணிக்குத் தாளைக் கூட்டிப் பார்த்தார். நாற்பத்தொன்று. சந்தாதாரர் எண்ணிக்கையைப் பார்த்தார். மூன்று. தண்ணீர்த்தொட்டிக் கம்பெனியும் கைகழுவிவிட்டது.

திங்கட்கிழமை லிஃப்ட்டில் மூன்று நோட்டீஸையும் யாரோ கிழித்திருந்தார்கள். நாலு மூலை டேப் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது ஒற்று சாருக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த வயதில் யாராவது வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததே தப்பு என்று தோன்றியது.

"சேனலை நாளைக்கு அழிச்சுடப் போறேன்," என்றார் பைண்டரிடம்.

"ஏன் சார்? மெதுவா வருவாங்க."

"யாரும் வரமாட்டாங்க. ஆனா போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாட்டு, கொய்ங் இல்லாம பதிவாகணும். எனக்காக."

பைண்டர் பசைக் கையைத் துடைத்தார். தனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியனின் எண்ணை ஒரு அட்டைத் துண்டில் எழுதிக் கொடுத்தார்.

செவ்வாய் மாலை போன் அடித்தது. "சார், எலெக்ட்ரீஷியன். உங்க வாசல்லதான் நிக்கிறேன். திறங்க."

திறந்தால், முப்பது வயதுப் பெண் ஒருத்தி. காதில் பென்சில், கையில் கருவிப்பை. கதவின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன சார், கதவுக்கே ஸ்வெட்டர் போட்டு விட்டிருக்கீங்க?"

மெயின் போர்டைத் திறந்தாள். எர்த் பார்த்தாள். மின்விசிறி, டியூப்லைட், பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் போடுங்க" என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

ஒற்று சார் இரைச்சலை மட்டும் போட்டுக் காட்ட நினைத்தார். ஆனால் அவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, முழுப் பாட்டையும் நின்றபடியே கேட்டாள். அந்த ஐந்தாறு நிமிடமும் ஒற்று சார் மூச்சுவிட்டாரா என்பது அவருக்கே தெரியாது.

"பாட்டு நல்லாருக்கு சார்," என்றாள், கழற்றியபடி. "இந்த கொய்ங் எப்பெப்ப வருது?"

இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று ஒற்று சாருக்குத் தோன்றியது. கேட்கக் கூச்சப்பட்டுத் தாளை நீட்டினார். தேதி, நேரம், வரி எண், ஓரத்தில் சிவப்புப் பிழைக்குறி. அவள் அதை மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"மொதல்ல ஒண்ணு ஒண்ணா, அப்புறம் மூணு மூணா. சாயங்காலம் மட்டும். ஞாயித்துக்கிழமை ரொம்ப ஜாஸ்தி." தலையைச் சொறிந்தாள். "ரெக்கார்டிங்கைப் போட்டுட்டு உட்காருங்க சார். நான் வெளியில போய் ஒண்ணு பார்க்கிறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஒற்று சார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சற்று நேரம் நிசப்தம். பிறகு, கொய்ங். கொய்ங். கொய்ங்.

"வருது! வந்துடுச்சு!" என்று கத்தினார். ஸ்பாஞ்சு அதை விழுங்கிவிட்டது. எழுந்து போய் அவரே கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

அவள் உள்ளே வந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அலமாரிக்கு மேலே, ஸ்பாஞ்சு விளிம்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு சின்னப் பெட்டியின் மூடியைத் திருகித் திறந்தாள். இடுக்கியை உள்ளே விட்டு எதையோ இழுத்தாள். நீளமாக வந்தது. சாம்பல் நிற சாக்ஸ்.

ஒற்று சார் கொடியில் தொங்கிய அதன் ஜோடியைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"வயரிங்ல ஒரு கோளாறும் இல்ல சார்," என்றாள் அவள், சாக்ஸையும் தாளையும் அவரிடம் திருப்பிக் கொடுத்தபடி. "இதுல நீங்க பிழைன்னு குறிச்சு வச்சிருக்கீங்களே, அவங்க அத்தனை பேரும் உங்க வாசல்ல வந்து மணி அடிச்சவங்க."