டாக்டர் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்

நோயாளியைப் பார்க்கிற டாக்டர் ஓர் இனம். நோயைப் பற்றிப் பேசுகிற டாக்டர் வேறோர் இனம். முதல் இனம் இரண்டாவதாக எப்படி மாறுகிறது என்று நேரில் காண விரும்புகிறவர்கள் செஞ்சிக்கு பஸ் ஏறலாம். கோட்டையை வேண்டுமானால் போகிற வழியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் கோதண்டராமன், எல்.எம்.பி., ஒரு காலத்தில் வெறும் டாக்டராகத்தான் இருந்தார். நாக்கை நீட்டச் சொன்னார், நாடி பார்த்தார், சிவப்புத் தண்ணீரைச் சீசாவில் ஊற்றிக் கொடுத்தார். ஜனங்கள் பிழைத்தும் போனார்கள். அப்போதுதான் வேர்க்கடலையில் கம்பளிப்பூச்சி விழுவதைப் பற்றிக் குடியானவர்களின் பேச்சைக் கருவியில் பிடிக்க, ரேடியோக்காரர்கள் வேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களில் ஒருவருக்கு வயிறு கெட்டது. "கொதித்து ஆறிய நீரையே அருந்துங்கள்" என்று டாக்டர் சொன்னார். வயிறு கேட்டதோ என்னவோ, அந்தக் குரல் ரேடியோக்காரருக்குப் பிடித்துவிட்டது. சில மாதத்தில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. தலைப்பு: மழைக்காலமும் சேற்றுப்புண்ணும். பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்திலிருந்து டாக்டர் இன்றுவரை வெளியே வரவில்லை.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மின்விசிறி நிறுத்தப்படும், ஏனென்றால் அது இரைகிறது. ஜன்னல் சாத்தப்படும், ஏனென்றால் கடைவீதியில் மாட்டுவண்டி போகிறது. மேஜைமேல் வெந்நீர் டம்ளர் இருக்கும், அது உங்களுக்கு அல்ல. டாக்டர் தொண்டையைச் செருமி, உங்கள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தம் முகத்தை வைத்து, உங்களை மைக்காகப் பாவித்துப் பேசத் தொடங்குவார். நடுவில் இருமக் கூடாது. இருமலுக்காக வந்தவர்களும் இருமக் கூடாது. நோயாளிகள் வெளியே போய் இருமிவிட்டு வந்து, தங்களுக்கு இருமல் என்று சொல்கிறார்கள்.

தளவானூரிலிருந்து மீனம்பாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"முட்டி வலி உசுரு போவுது டாக்டரய்யா."

"வலி என்பது நோயல்ல, நேயர்களே. அது நோயின் அறிவிப்பு."

மீனம்பாள் திரும்பிப் பார்த்தாள். அறையில் அவளைத் தவிர நேயர் யாரும் இல்லை.

"மனித உடலில் எத்தனையோ மூட்டுகள். அவற்றுள்…"

"எனுக்கு இந்த ஒரு முட்டிதாங்க. ஊசி போடுவீங்களா, மாட்டீங்களா?"

"சிகிச்சை முறைகளை அடுத்த உரையில் காண்போம்."

மீனம்பாள் எழுந்தாள். "அடுத்த ஒரைக்கி நடந்து வர்றதுக்கு காலு இருக்கணுமே சாமி!"

கம்பவுண்டர் பச்சைமுத்து அவளை ஓரமாக அழைத்துப் போய் ஊசி போட்டு அனுப்பினார். ஆனால் பாருங்கள், இதே மீனம்பாள், பஞ்சாயத்து ரேடியோவில் டாக்டர் பேசுகிறார் என்றால் நெரிசலைப் பிளந்துகொண்டு முன்னால் நிற்பாள். நேரில் கேட்டால் உபத்திரவம், குழாயில் கேட்டால் பெருமை. குற்றம் டாக்டருடையது மட்டும் என்றா நினைத்தீர்கள்?

இனி ஒரு புதன்கிழமைக்கு வருவோம். ராஜகிரிக் கோட்டை மலையின் நிழல் கடைவீதியில் இறங்குகிற நேரம். பஞ்சாயத்து ஒலிபெருக்கியில் டாக்டரின் உரை: 'மென்று உண்போம்'. கண்ணாடி வளையல் கடை பஷீர் அகமது, தன் நாலு வயது மகள் முன்னியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். வேர்க்கடலை தொண்டையில் அடைத்துக்கொண்டது. குழந்தைக்கு அழக்கூட மூச்சில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"எங்க பாய் ஓடுற? டாக்டரு மெட்ராஸ்ல பேசிகினு இருக்காரில்ல! காதுல விழல?" என்றது கூட்டம்.

பஷீர் நின்றுவிட்டார். குரல் சென்னையிலிருந்து வருகிறது. ஆகவே ஆளும் சென்னையில். இதில் என்ன பிசகு? டாக்டர் பேசுகிற நாட்களில் அவர் வீட்டுப் பக்கமே யாரும் போவதில்லை. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் எப்போது என்று பஷீர் கேட்டார். நல்லவேளை, பச்சைமுத்து அங்கே நின்றிருந்தார்.

"யோவ், அது போன வாரமே பேசிப் புடிச்சி வெச்சது. மனுசன் வூட்லதான் குந்திகினு கேக்குறாரு. ஓடு பாய்!"

உண்மைதான். டாக்டர் தம் வீட்டுக் கூடத்தில், தம் ரேடியோவின் முன், தாம் பேசுவதைத் தாமே கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி சுந்தராம்பாள், தினசரி நியமம் போல, கை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் சார்! புள்ளைக்கு மூச்சு வரல!"

டாக்டர் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினார். பொறுங்கள் என்று அர்த்தம். பிறகு ரேடியோவைச் சுட்டினார்.

"உங்கள் கேள்விக்குத்தான் பதில் வருகிறது."

"நிதானமாக மெல்லும் குழந்தைக்கு," என்றது ரேடியோ, "ஒருபோதும்…"

முன்னியின் தலை தகப்பன் தோளில் தொங்கியது. சுந்தராம்பாள் எழுந்தாள். குமிழைத் திருகினாள். ரேடியோ அணைந்தது.

அந்த நிசப்தத்தில் டாக்டர் கோதண்டராமன் உறங்கி விழித்தவர் போலச் சுற்றிலும் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுகணம் அவளைப் பிடுங்கி, முழங்கால்மேல் தலைகீழாகக் கவிழ்த்து, முதுகில் ஓங்கி அறைந்தார். இன்னொன்று. கடலை தரையில் விழுந்தது. முன்னி வீறிட்டு அழுதாள். அந்தச் சத்தம் மட்டும் அவருக்கு இரைச்சலாகத் தோன்றவில்லை போலிருக்கிறது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாகக் காணாமல் போயிருந்த ஒரு நல்ல டாக்டர் செஞ்சிக்குத் திரும்பி வந்திருந்தார்.

பிறகு சுந்தராம்பாளிடம், "முடிவுரை போய்விட்டதே" என்றார்.

அடுத்த மாதம் புதிய உரை ஒலிபரப்பானது. 'கோட்டை நகரம் ஒன்றில், மூச்சுத் திணறிய ஒரு சிறுமிக்காக, அழைத்த மாத்திரத்தில் ஓடோடிச் சென்றேன்' என்று டாக்டர் உருக்கமாகச் சொன்னார். பஞ்சாயத்து ரேடியோவின் அடியில் நின்ற மீனம்பாள் பஷீரைப் பார்த்தாள்.

"இன்னா பாய், ஓடியாந்தாரா? ஓடுனது நீயில்ல?"

"ஷ்ஷ்! சும்மா கேளு. நம்ம முன்னி பேரு வருதா பாக்கலாம்."

முன்னி அவர் கைலியைப் பிடித்து இழுத்தாள். "அத்தா, தண்ணி."

பஷீர் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்த வாசகரே, உங்களிடம் எல்.எம்.பி.யும் இல்லை, சென்னைக் கடிதமும் இல்லை; ஆகவே இந்த இனத்தில் உங்களுக்கு இடமில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். ஆனால் சமையலறையிலிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டு வெகுநேரமாகிறது. "இதோ, முடிக்கப் போகிறேன்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். முடிந்துவிட்டது. என்னவென்று போய்க் கேளுங்கள்.