மிருதுவான குக்கீயும் மாலை போட வந்த சம்பந்தியும்

தேனி,
டிசம்பர் 28.

கர்த்தருக்குள் அன்பான அக்கா ஜெபராணிக்கு,

தம்பி கிறிஸ்டோபர் எழுதுவது. அயர்லாந்துக் குளிரில் நீயும் மச்சானும் பிள்ளைகளும் இருமல் தும்மல் இல்லாமல் இருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. இங்கே நான் சுகம். வீட்டுக்காரி சாராளும் சுகம், அவளுடைய வலது கையைத் தவிர. வாசலில் ஸ்டார் கட்டுகிறேன் என்று ஸ்டூலில் ஏறியவள் ஸ்டாரோடு சேர்ந்தே இறங்கிவிட்டாள். ஆக, இந்தக் கிறிஸ்துமஸுக்கு மாவுக்கட்டு அவளுக்கு, மாவு எனக்கு. இதைப் போனில் சொல்லலாம்தான். பாதியிலேயே நீ சிரிக்க ஆரம்பித்து மீதியைச் சொல்ல விடமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

நட்சத்திர அச்சுகளைப் பார்சலில் அனுப்பி, கூடவே 'எளிதான, மிருதுவான சர்க்கரைக் குக்கீ, சின்னப்பிள்ளைகூடச் செய்யும்' என்று செய்முறையும் எழுதியிருந்தாயே, அதை நான் விளையாட்டுக்குக் கையில் எடுக்கவில்லை. நம் பையன் செல்வின் பண்ணைப்புரத்துச் சிம்ரனை விரும்பிக் கட்டியபோது அவள் அப்பா சுருளிவேல், வேதக்கார வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று கல்யாணத்துக்கே வராமல் இருந்துவிட்டார் அல்லவா? அந்த மனிதர் மனம் இறங்கி, மனைவி பவுனம்மாவையும் கூட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருகிறார் என்று சேதி வந்தது. சிம்ரன், "அப்பாவுக்கு இனிப்புன்னா உசுரு மாமா, ஆனா பல்லு ஆடுது, முறுக்கு அதிரசமெல்லாம் கடிக்க மாட்டாக, மெத்துன்னு ஏதாச்சும் இருந்தா நல்லாருக்கும்" என்றாள். மெத்தென்ற பலகாரம் உன் காகிதத்தில் இருந்தது. செய்யத்தான் ஆள் இல்லை. தண்ணீர் மோட்டாரையே அக்கக்காகப் பிரித்துச் சேர்க்கிறவனுக்கு ஒரு பிஸ்கட் பெரிதா என்று இறங்கிவிட்டேன்.

வெண்ணெய் இளகியிருக்க வேண்டும், உருகக் கூடாது என்று எழுதியிருந்தாய். அன்றைக்குப் பார்த்து மலைக்காற்று. வெண்ணெய் செங்கல்லாட்டம் இருந்தது. சூடான இடம் எது என்று தேடி இன்வெர்ட்டர் மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அது இன்வெர்ட்டருக்குள் போயிருந்தது. வேறு வெண்ணெய் வாங்கி, சீனியைப் பொடித்து, முட்டையை உடைத்து, ஓடு பொறுக்கி, மைதா கொட்டிப் பிசைந்தேன். சாராள் கட்டுப்போட்ட கையை நீட்டி நீட்டி, "அப்படியில்லைங்க, இப்படி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாவுக்கட்டு போட்ட கை எதைக் காட்டினாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. நட்சத்திரங்களை வெட்டித் தட்டில் அடுக்கி, அடுப்புக்கு நம் தெருமுனை பேக்கரி நாகராஜிடம் கொண்டுபோனேன். நடுவில் வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், அதுதான் மிருதுவின் ரகசியம் என்று நீ சொன்னதை நான் நாகராஜிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினான். நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள், "வேகலைண்ணே, பச்சையா எடுத்துட்டுப் போயி விருந்தாளிக்கு வயித்தால போனா என் பேருதானே கெடும்" என்று மறுபடியும் உள்ளே தள்ளியிருக்கிறான். வெளியே வந்தவை தட்டில் விழுந்தபோது சில்லறை கொட்டியது போலச் சத்தம்.

அந்த நேரம் பார்த்துச் சிம்ரனிடமிருந்து போன். பேக்கரியில் மாவு மிஷின் ஓடுகிறது, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "மாமா, அப்பா மாலை போட..." கரகரவென்று இரைச்சல். "...அதான் முன்னாடியே சொல்லிட்டேன் மாமா" என்று வைத்துவிட்டாள். எனக்குத் தலை சுற்றிவிட்டது. மார்கழி மாதம், சபரிமலைக்கு மாலை போட்ட மனிதர்! முட்டையும் ஆகாது, கறியும் ஆகாது. நாகராஜ்தான், "பதறாதீகண்ணே, முட்டைக்குப் பதிலாத் தயிர ஊத்துவோம்" என்றான். மறுபடியும் பிசைந்தோம். இந்த முறை அடுப்பு வாசலை விட்டு நான் நகரவில்லை. வெளுப்பாகவே எடுத்தேன். அக்கா, தொட்டால் அமுங்கியது! ஏலக்காய் வாசத்தோடு, பஞ்சு மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாகராஜ் புகை என்று நினைத்து ஜன்னலைத் திறந்தான்.

கிறிஸ்துமஸ் அன்று, முன்பே சொல்லிவைத்திருந்த மட்டன் பிரியாணி அண்டா வந்து இறங்கியது. பக்கத்து வீட்டு விஜியின் வீட்டில் அதை ஒளித்துவைத்து, சாராள் இடது கையால் கிண்டிய சாம்பாரை முன்னால் வைத்தோம். செல்வின் காரை நிறுத்தினான். சம்பந்தி கறுப்புச் சட்டையில், கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு இறங்கினார். பிறகென்ன சந்தேகம்? சொம்புத் தண்ணீரோடு ஓடினேன். "வாங்க சாமி, கால் கழுவிக்கங்க சாமி." அவர் யாரைச் சொல்கிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு, எங்கள் வேதத்தில் விருந்தாளியை இப்படித்தான் அழைப்போம்போல என்று நினைத்து, "இருக்கட்டும் சாமி" என்றார். நான் ஒரு சாமி சொல்ல அவர் ஒரு சாமி சொல்ல, சபைக் கமிட்டிச் செயலாளரான என் வீட்டில் அன்றைக்குப் போல என்றைக்கும் சாமி என்ற சொல் கேட்டதில்லை. குக்கீயை ஒன்று எடுத்துப் பயந்து பயந்து வாயில் வைத்தார். பல் எதுவும் விழவில்லை. முகம் மலர்ந்தது. இன்னொன்று எடுத்தார். இன்னும் ஒன்று. இலை போட்டுச் சாம்பார் ஊற்றியபோதுதான் அந்த முகம் கொஞ்சம் வாடியது.

சாப்பிடாமல் கையைப் பிசைந்துகொண்டே இருந்தவர், "ஆத்தா, காருல இருக்கிற மாலைய எடுத்துட்டு வா" என்று மகளிடம் சொன்னார். சிம்ரன் கொண்டுவந்தது என் மார்பளவு ரோஜா மாலை. வந்ததும் போடக் கூச்சப்பட்டுக் காரிலேயே வைத்துவிட்டாராம். எழுந்து நின்று, "கல்யாணத்தன்னைக்கே போட்டிருக்கணும் சம்பந்தி. வீம்பு புடிச்சு வீட்ல உக்காந்துட்டேன். இப்பவாச்சும் கழுத்த நீட்டுங்க" என்றார். நான் நீட்டினேன். அவர் மாலையைப் போட்டார். சிம்ரன் குறுக்கே புகுந்தாள்: "நாந்தான் போன்லயே சொன்னேனே மாமா, அப்பா மாலை போட வாராகன்னு! அந்தச் சட்டை தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தது." நான் அசடு வழிந்து நடந்ததைச் சொன்னதும் பவுனம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "அதான பாத்தேன். தெருவுல பிரியாணி வாசம் அடிக்குது, இலையில சாம்பாரு விழுகுது! வழியெல்லாம் இவுக பிரியாணிப் பேச்சுத்தான்" என்றார். சம்பந்தி சிரித்தார் பார், தேனி பஜாருக்கே கேட்டிருக்கும். அண்டாவை எடுக்க நானே ஓடினேன். விஜி வீட்டார் அதற்குள் பாதியை முடித்திருந்தார்கள். மீதியே எங்களுக்குத் தாராளமாக இருந்தது.

புத்தாண்டுக்குப் பண்ணைப்புரம் வரச் சொல்லிக் கட்டளை. பவுனம்மா வீட்டில் கிடா அடிக்கிறார்கள். சொந்தபந்தமெல்லாம் நம் குக்கீயை ருசி பார்க்கக் காத்திருக்கிறதாம். ஆகவே, முட்டை போட்டே, ஒரு ஊருக்குச் செய்யும் அளவை உடனே சொல்லி அனுப்பு. மச்சானுக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தம். உங்கள் வாசலும் வருகிற வருஷம் முழுக்க விருந்தாளிகளால் நிறைந்திருப்பதாக.

அன்புத் தம்பி,
கிறிஸ்டோபர்

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது பவுனம்மாவிடமிருந்து போன். "சாமி சாமின்னு நீங்க வாய் நெறையக் கூப்பிட்டீகளா, அது இவுக மனசுல பதிஞ்சுபோச்சு. காலையில கோயிலுக்குப் போயி நெசமாவே மாலை போட்டுட்டு வந்து நிக்கிறாக. மகரஜோதிக்குக் கெளம்புறாகளாம்!" கிடா பிழைத்துக்கொண்டது. அளவு அனுப்பும்போது முட்டையை அடித்துவிட்டுத் தயிர் என்று எழுது.