ஐந்து ஆம்பியர் சபதம்

பெய்ரூட்டில் ஒரு குடும்பத் தலைவனை அவன் வீட்டு ஆம்பியரை வைத்துத்தான் எடை போடுவார்கள். அரசாங்கக் கரண்ட் எட்டிப் பார்த்தாலே அதிசயம். மற்ற நேரமெல்லாம் தெருவுக்கே படியளப்பவர் ஜெனரேட்டர்கார எலியாஸ்தான். அவரிடம் நான் மாதச் சந்தா கட்டும் பத்து ஆம்பியர் ஆசாமி. ஒருநாள் துணிந்து அதை ஐந்தாகக் குறைத்துவிட்டு வந்து, மனைவியிடம் சட்டம் போட்டேன்.

"வதாத்! பல்பு எல்லாத்தையும் எல்.இ.டி. ஆக்கியாச்சு. இனி செலவு பாதி! அஞ்சுக்கு மேல இழுத்தா கீழே இருக்கற பிரேக்கர் ட்ரிப் ஆயிடும். கடைசியா யார் சுவிட்சைப் போட்டாங்களோ, அவங்கதான் இறங்கிப் போய்த் தூக்கிவிடணும்."

எங்கள் வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் ஓடாது. சண்டைக்கு வருவாள் என்று தயாராக நின்றேன்.

"நல்ல சட்டம்ங்க" என்றாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. மறுநாள் காலை, சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றவள் திரும்பினாள்.

"ஏங்க, உங்க சட்டையைத் தேய்ச்சுக்கறீங்களா? என் கையெல்லாம் மாவு."

இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன். டப்! வீடே அணைந்தது.

"கடைசி விரல் யாரோடதுங்க?"

"என்னோடதுதான்."

"சட்டம்னா சட்டம்."

இறங்கினேன். ஏறினேன். பத்து மணிக்கு அவள் சமையலறைக்குள் ஒருமுறை போய்வந்து, அதே பெட்டியில் துணி மலையையே தேய்த்து முடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. மாலையில் நான் தொட்டேன். டப்! அவள் கையில் சமர்த்தாக இருக்கும் பெட்டி என் கையில் மட்டும் ஏன் குதிக்கிறது? முழங்கால் வலியைவிட இந்த 'ஏன்' தான் என்னைத் தின்றது. கரண்ட் அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கி, வீட்டிலிருந்த ஒவ்வொன்றின் நாடியையும் பிடித்தேன். கடைசியில் பிரிட்ஜ் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அது 'கர்ர்' என்று கிளம்பியதும் எண்கள் எகிறின!

"வதாத்! திருடன் அகப்பட்டான்! மோட்டார் கிளம்பறப்ப இந்தக் கிழட்டு பிரிட்ஜ் மூணு மடங்கு இழுக்குது. புதுசு வாங்கிடலாம்!"

"புதுசா? வேண்டாங்க. நான் எத்தனை வருஷமாக் கேட்டேன், 'உயிரோட இருக்கறதை எப்படித் தூக்கிப் போடறது'ன்னீங்க. நியாயமான பேச்சு."

"அது அப்போ! புதுசு பாதி கரண்ட்லதான் ஓடும். மிச்சமாகற காசுலயே அதோட விலை திரும்பிடும்!"

"உங்களுக்கு எதுக்குங்க வீண் செலவு? இதுவே போதும்."

"முடியாது! நான் முடிவு பண்ணிட்டேன்!"

தொண்டை வறள வாதாடிய பிறகுதான் பெருமூச்சு விட்டு இறங்கி வந்தாள். "சரி, நீங்க பிடிச்ச பிடியை விடவா போறீங்க?"

கல்யாணமான நாளாய் அந்த வீட்டில் என் சொல் எடுபட்டது அன்றுதான். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஏழு மாடியும் விசிலடித்துக்கொண்டே இறங்கி, பிரிட்ஜ் விற்கும் ஷார்பெலின் கடைக்குப் போனேன். வாசலில் ஒரு வெள்ளை பிரிட்ஜ் கயிறு கட்டித் தயாராக நின்றது.

"வாங்க வாங்க, அபு நஸ்ரி!" என்று என்னை வரவேற்றார் ஷார்பெல். "சனிக்கிழமையே வந்துடுவீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே, ஏன் ரெண்டு நாள் லேட்டு?"