நிலையான வேலைக்கு ஐந்து படிகள்

தேசிய கீதம் பாதியில் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று கிறிசாந்தோவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது என்பதால் திரையும் அந்த நொடியே கறுத்துவிட்டது. அவர் மட்டும் இஸ்திரி போட்ட சட்டையில், நெஞ்சில் கை வைத்தபடி, கறுப்புத் திரைக்கு மரியாதை செலுத்திக்கொண்டு நின்றார்.

"மீதியை நீயே பாடி முடிச்சிட்டு உக்காரு," என்றாள் அடுக்களையிலிருந்து மனைவி ஜெனலின்.

சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. இலோய்லோ நகரத்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு வேலை வழிகாட்டுவது அவருடைய வேலை. எந்தப் படிப்புக்கு எந்த வேலை, நேர்காணலில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார். பிள்ளைகளும் போய் வேலையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில். அவருடைய வேலை ஒப்பந்த வேலை. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் டீன் நிவிடாட் மேடம் மனசு வைத்தால்தான் அடுத்த பருவம். ஆறு வருஷமாக மேடம் மனசு வைத்துக்கொண்டுதான் இருந்தார். இந்தத் தடவை ஒரு வார்த்தை பேசவில்லை. பருவம் இன்றோடு முடிகிறது.

இன்றைக்குத்தான் தொழில் வழிகாட்டிகளின் தேசிய மாநாடும். எல்லாம் இணையத்தில். நாடு முழுவதிலிருந்தும் முன்னூறு பேர் சின்னச் சின்னக் கட்டங்களில் உட்கார்ந்திருப்பார்கள். சான்றிதழ் வாங்கினால்தான் உரிமத்தைப் புதுப்பிக்க முடியும் என்பதால் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. நான்கு மணிக்குக் கிறிசாந்தோவின் உரை. தலைப்பு, 'நிலையான வேலைக்கு ஐந்து படிகள்'. வேறு யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் டீன் மேடம் கேட்பார். அவர் எந்த மாநாட்டையும் தவறவிட்டதில்லை. முகம் காட்டமாட்டார், பட்டமளிப்பு உடையில் எடுத்த படம்தான் கட்டத்தில் இருக்கும். ஆனால் பிரார்த்தனை முடிந்ததும் திரையோரத்தில் எழுத்தில் வந்து விழுகிற முதல் 'ஆமென்' அவருடையதாகத்தான் இருக்கும். உரையைக் கேட்டு மேடத்தின் மனசு இளகினால் அடுத்த பருவம் உண்டு. இல்லையென்றால் இல்லை.

இல்லையென்றால் கால் சென்டர். அங்கே வேலை கிடைத்துவிட்டது, இன்று ஐந்து மணிக்குள் சரியென்று சொல்ல வேண்டும். இரவு முழுக்க உட்கார்ந்து, அமெரிக்காக்காரர்களின் வீட்டில் எந்தெந்தத் துடைப்ப மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிற வேலை.

"நிரந்தரம்னு போட்டிருக்கான். உனக்கு வேற என்ன வேணும்?" என்று ஜெனலின் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்களுக்கு வழி காட்டறவன் நான்."

"வழி காட்டறவனுக்கும் பசிக்கும்ல?"

அதனால்தான் இந்த உரையை மலை போல நம்பியிருந்தார். 

பக்கத்து வீட்டிலிருந்து ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. பெர்டிங் அண்ணனுக்கு அன்று பிறந்தநாள். வாடகைக்குக் கரோக்கிப் பெட்டி எடுத்திருந்தார், முழுப் பன்றி வாட்டியிருந்தார். கரண்ட் போனால் பாட்டு நிற்கக் கூடாது என்று ஜெனரேட்டரும் வைத்திருந்தார். கிறிசாந்தோ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதென்ன கேள்வி சாந்தோ? தாராளமா சொருகிக்க. ஆனா வந்தவன் ஒரு பாட்டுப் பாடாமப் போகக் கூடாது," என்றார் பெர்டிங்.

செல்போனின் டேட்டாவை வைத்து மறுபடி மாநாட்டுக்குள் நுழைந்தார். சங்கத் தலைவர் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருந்தார். வரவேற்புரை முடியச் சாயங்காலம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் பாடித் தொலைத்துவிடலாம் என்று கிறிசாந்தோ மைக்கை வாங்கினார். காதலி கப்பலேறிப் போய்விட்ட பாட்டு. இருந்த துக்கத்தில் உருகி உருகிப் பாடினார். கரோக்கிப் பெட்டி தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போட்டு எக்காளம் ஊதியது.

திரும்பிவந்து திரையைப் பார்த்தால் சங்கத் தலைவர் பேச்சை நிறுத்தியிருந்தார். முன்னூறு கட்டங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. லேப்டாப்பின் மைக்கை அவர் மூடவே இல்லை. 'சார் கிறிசாந்தோ, தயவுசெய்து மைக்கை அணையுங்கள்' என்று நிகழ்ச்சி நடத்தும் பெண் ஏழெட்டுத் தடவை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே டீன் மேடம் ஒரு வரி எழுதியிருந்தார்.

'அருமையான குரல்.'

கிறிசாந்தோ அவசரமாக மைக்கை அணைத்தார். மேடம் யாரையும் பாராட்டி அவர் பார்த்ததில்லை. இது குத்தல்தான், சந்தேகமே இல்லை. போச்சு, ஆறு வருஷ உழைப்பு ஒரு பாட்டில் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இனிமேலாவது சத்தமில்லாத இடம் வேண்டும். வீட்டைச் சுற்றி வந்து பார்த்ததில் ஒரே ஒரு இடம்தான் அமைதியாக இருந்தது. பன்றிக் கொட்டில். அதில் குடியிருந்தது இப்போது விருந்து மேசையில் வாயில் ஆப்பிளோடு படுத்திருந்தது. நாற்றம் கேமராவில் தெரியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, நீளமான வயரை இழுத்துப்போய், கொட்டிலுக்குள் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். தலைவர் விட்ட இடத்திலிருந்து மறுபடி வரவேற்கத் தொடங்கியிருந்தார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பெர்டிங்கின் மனைவி இரண்டாவது மின்சாரச் சோற்றுக் குக்கரைப் போடும்வரை. ஜெனரேட்டர் ஒரு இருமல் இருமிவிட்டு அணைந்தது. பாட்டு நின்றது. யாரோ நாட்டாமை வேலையாக எந்த வயர் எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே வர, விருந்தாளிகள் எல்லோரும் வரிசையாகக் கொட்டில் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே இஸ்திரி போட்ட சட்டையோடு கல்லூரி சார்.

பெர்டிங் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பொறந்த நாளும் அதுவுமா," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். கிறிசாந்தோ ஏறவே இல்லை, சறுக்கிக்கொண்டேதான் இருந்தார். டிரைசிகிள் என்கிற மூன்று சக்கர வாடகை வண்டியைப் பிடித்துச் சந்தைப் பக்கம் போகச் சொன்னார். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடை உண்டு, எந்த மின்வெட்டிலும் மூடமாட்டார்கள். போகிற வழியில் செல்போனிலேயே மாநாட்டுக்குள் இருந்தார். அந்த நேரம் பார்த்து எல்லோரும் கேமராவைத் திறந்து சிரியுங்கள், குழுப் படம் எடுக்கப்போகிறோம் என்றார்கள். அவர் சிரித்தார். வண்டி பள்ளத்தில் இறங்கியது. படத்தில் விழுந்தது ஓட்டுநரின் அக்குள். அதோடு செல்போனும் சார்ஜ் தீர்ந்து கண்ணை மூடியது.

கடையில் ஆளே இல்லை. சுவரோரமாக வரிசையாக எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஓடிக்கொண்டிருந்தன, எதிலும் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கடைக்காரி மெர்லி சக்கர நாற்காலியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உருண்டுகொண்டே, கம்பியில் குத்திய வாழைப்பழ வறுவலைத் தின்றுகொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டிய, கனத்த, சோம்பலான முகமுடைய பெண்.

"இதெல்லாம் ஆளிருக்கு சார். கடைசில தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒண்ணு காலியா இருக்கு," என்றாள்.

பொடியன்கள் விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள், இவள் பார்த்துக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடினார். செல்போனைச் சார்ஜில் போட்டார். மாநாட்டுக்குள் நுழைந்தபோது அவருடைய பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து படிகளும், வண்ணப் படங்களோடும் அம்புக்குறிகளோடும், பெர்டிங் வீட்டுப் பன்றிக் கொட்டிலில் லேப்டாப்புக்குள் இருந்தன.

முதல் படி என்ன என்று யோசித்தார். வரவில்லை. மூன்றாவது படி ஏதோ பொறுமை சம்பந்தப்பட்டது. முன்னூறு கட்டங்கள் காத்துக்கொண்டிருந்தன. பிறகு அவரை அறியாமலேயே வாய் திறந்துகொண்டது.

"நிலையான வேலைக்கு என்ன படின்னு எனக்குத் தெரியாதுங்க," என்றார். "என்கிட்டயே அப்படி ஒண்ணு இல்ல. ஆறு வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். ஒவ்வொரு பருவம் முடியறப்பவும், அடுத்த மாசம் நம்ம பேரு இருக்குமான்னு அறிவிப்புப் பலகையைத் திருட்டுத்தனமா பாத்துட்டு வர்றேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஒரு முடிவு சொல்லணும். எனக்குப் பிடிச்ச வேலை இதுதான். இதை விட்டுட்டுப் போகணும்னு நெனச்சா..."

அதற்குமேல் பேச முடியவில்லை. நாற்பத்தெட்டு வயது மனிதர், தேசிய மாநாட்டில், கேமரா முன்னால், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். அவமானமாக இருந்தது. இனிமேல் அவமானப்பட என்ன மிச்சம் இருக்கிறது என்றும் இருந்தது.

பிறகு எழுத்தில் ஒரு வரி வந்து விழுந்தது. பட்டமளிப்பு உடைப் படத்துக்குப் பக்கத்தில்.

'சார் கிறிசாந்தோ, கலங்காதீர்கள். உங்கள் ஒப்பந்தம் தொடரும். திங்கட்கிழமை என் அறைக்கு வாருங்கள். - டீன்.'

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அதற்குள் மடமடவென்று கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. 'கண்ணீர் வந்துவிட்டது' என்றார்கள். 'இதுதான் உண்மையான உரை' என்றார்கள். 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று பதினோரு பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். சங்கத் தலைவர்கூட எழுந்து நின்று தட்டினார். கிறிசாந்தோ அந்தப் பலகைத் தடுப்பில் சாய்ந்துகொண்டு, கடவுள் இருக்கிறார் என்று வாய்விட்டே சொன்னார்.

ஜெனலினுக்குப் போன் போட்டார்.

"மேடம் சொல்லிட்டாங்க. வேலை இருக்கு."

"வாய்ல சொல்றதை நம்பாத. எழுத்துல வரட்டும்."

"எழுத்துலதான் வந்திருக்கு. முன்னூறு பேர் முன்னாடி எழுதிட்டாங்க."

மறுமுனையில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. சரி, சீக்கிரம் வா, பெர்டிங் அண்ணன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன் என்றாள்.

ஐந்து மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கால் சென்டருக்குப் போன் செய்து, மிகுந்த மரியாதையோடு, தனக்கு ஏற்கெனவே நிலையான வேலை இருக்கிறது, அதனால் இந்த வாய்ப்பை ஏற்க முடியவில்லை என்று சொன்னார். சொல்லும்போதே முதுகு நிமிர்ந்தது. நல்லது சார், உங்கள் இடத்துக்கு வரிசையில் ஆள் நிற்கிறார்கள், இப்போதே கொடுத்துவிடுகிறோம் என்று அந்தப் பெண் போனை வைத்தாள்.

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தடுப்பைச் சுற்றி வெளியே வந்தார். மெர்லி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வாழைப்பழ வறுவல் கையிலேயே இருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை.

"அந்த வேலையை வேணாம்னுட்டீங்களா சார்?"

"ஆமா. டீன் மேடமே சொன்னதுக்கப்புறம் எனக்கு அது எதுக்கு?" என்றார் கிறிசாந்தோ, சிரித்துக்கொண்டே.

"சார், சான்றிதழ் வேணுங்கறவங்க எல்லாரும் காசு குடுத்து தங்களுக்குப் பதிலா என்னைத்தான் மாநாட்டுல உக்கார வெப்பாங்க, டீன் மேடத்துக்கும் மூணு வருஷமா நான்தான்... நீங்க அழுததைப் பாத்து மனசு கேக்கல, ஆறுதலா இருக்கட்டுமேன்னு மேடம் பேர்ல நானா எழுதிட்டேன்."