நன்றியுரை பாயும் ஆடி மாதக் கருத்தரங்குகளும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இருபுறமும் வசிப்பவர்களில் நன்றியுரை பாயிடம் ஒருமுறையாவது நன்றி வாங்காதவர் எவரும் கிடையாது. அப்படி ஒருவர் இருப்பதாகத் தெரிந்திருந்தால் பாய் ஆட்டோ பிடித்துப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பார்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் கேட்டதில்லை. பூந்தமல்லியில் குழாய், வாஷ்பேசின், சிங்க் விற்கும் கடை வைத்திருந்தார். நான் அப்போது அம்பத்தூரில் ஒரு பில்டர்கள் சங்கத்துக்கு மேனேஜர். பேனர் அடிப்பது, சால்வை வாங்குவது, மைக் செட்டுக்காரரைச் சமாதானம் செய்வது இவை மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் பதவி.

எங்கள் தொழிலில் ஆடி மாதம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை மாதிரி. யாரும் வீடு பார்க்க வர மாட்டார்கள். கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபங்கள் காலி, சமையல்காரர்களும் சும்மா. வேலையில்லாத பில்டர்களும் ஆளில்லாத மண்டபமும் பற்றவைக்காத அடுப்பும் ஒன்றுசேர்ந்தால் அதற்குக் கருத்தரங்கு என்று பெயர். வாரம் ஒன்று நடத்துவோம். ஒரு வாரம் ‘புறநகர் வளர்ச்சியின் எதிர்காலம்’. அடுத்த வாரம் ‘எதிர்கால வளர்ச்சியில் புறநகர்’. தலைப்பு மாறும், திரையில் காட்டும் சிங்கப்பூர் படம் மாறாது. மணமக்கள் நாற்காலியை யாரும் மேடையிலிருந்து எடுப்பதில்லை. ஆகவே எங்கள் தலைவரும் சிறப்பு விருந்தினரும் அதில் ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் கூட்டங்களில் ‘அடுத்து, நன்றியுரை’ என்று அறிவித்தால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஒருமுறை நன்றி சொல்ல வேண்டிய துணைத்தலைவரே முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். மைக் தனியாக நின்றது. சங்க உறுப்பினர் என்ற முறையில் வந்திருந்த பாய், அதைப் பார்த்து மனம் கேட்காமல் மேடை ஏறினார்.

தலைவருக்கு நன்றி சொன்னார். பேச்சாளர்களுக்கு, ஏசி மெக்கானிக்குக்கு, செருப்புகளை வரிசையாக வைத்த வாட்ச்மேனுக்கு. வராமல் போன பேச்சாளருக்கு, “நம்ம நேரத்த மிச்சம் பண்ணிக் குடுத்ததுக்காக” தனியாக ஒரு நன்றி. கேட்க நானும் மைக் செட்டுக்காரரும் மட்டும்தான் இருந்தோம். எங்கள் இருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னபோது மைக் செட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார்.

“மேடையில கீறவனுக்கு மால போட்டுடறீங்க தம்பி. பின்னாடி கேபிள இழுத்துகினு கீறவனுக்கு ஒண்ணும் இல்ல. பேரயாச்சும் சொல்லணும்ல?” என்றார் இறங்கி வந்து.

நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வாரத்திலிருந்து அதற்கு என்ன விலை என்று தெரிந்தது. பிரியாணி போடுபவர் பாயின் மச்சான். பாய் “நன்றி, வணக்கம்” என்று சொல்லும்வரை அண்டாவின் மூடியைத் திறப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். வாசனை மட்டும் மண்டபத்துக்குள் வரும். பாய் டிராபிக் போலீஸுக்கும் பால்காரருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பார். கோடிக்கணக்கில் புரளும் மனிதர்கள் தட்டோடு நின்று கேட்டார்கள். நன்றியுரை பாய் என்ற பெயர் அந்த ஆடியில் வந்ததுதான்.

மறு ஆடியில் முதல் கூட்டத்திலேயே சிக்கல் வந்தது. கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பாய் கடையில் டீ குடித்துக்கொண்டே பேசுகிறவர்கள். அதனால் அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. எதைச் சொல்லலாம் என்பது மட்டும்தான் தெரியாது.

“கடைசியா நம்ம தலைவருக்கு. பாரிவாக்கத்துல கோயிலுக்குப் பின்னாடி அவ்ளோ பெரிய எடம் பேசி முடிக்கப் போறாரு. அத ஒருத்தருக்கும் சொல்லாம எவ்ளோ அடக்கமா கீறாரு பாருங்க. அந்தத் தன்னடக்கத்துக்கு நன்றி.”

தலைவர் மணமகன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்று மாலை சங்க உறுப்பினர்களில் பாதிப் பேர் பாரிவாக்கத்தில் அந்தக் கோயிலுக்குப் பின்னால் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டார்கள். இடத்துக்காரர் விலையை ஏற்றிவிட்டார்.

“இனிமே அந்த ஆளு மைக்க தொடக் கூடாது. நீயே போயி சொல்லிடு” என்றார் தலைவர் என்னிடம்.

போனேன். பாய் கடையில் ஒரே ஒரு வாஷர் வாங்க வந்த மனிதருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் குழாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று கெஞ்சிவிட்டுக் கிளம்பியதும் விஷயத்தைச் சொன்னேன். பாய் கல்லாவுக்குப் பின்னால் இருந்த தூசியைத் துணியால் துடைத்தார்.

“சரி தம்பி. கேக்கறதுக்காச்சும் வரலாமா?”

“உறுப்பினர்தானே பாய். தாராளமா வாங்க.”

“நாலு கொற சொல்றதுக்கு ஆளு கீது. நன்றி சொல்றதுல இன்னா தப்பு வந்துது?” என்று கேட்டுவிட்டு, பேச்சை மாற்றுவதற்காக என்னைக் குடோனுக்கு அழைத்துப் போனார். நடக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் சிங்க்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது.

“எல்லாம் முத்தாபுதுப்பேட்டை பிளாட்டுக்காரங்களோடது. வாங்கி வச்சிட்டாங்க. ஊடு வந்தாத்தான மாட்டுவாங்க?” ஒரு சிங்க்கைக் காட்டினார். “இது வசந்தியம்மாது. ஆவடில வாடகைக்குக் கீறாங்க. மாசா மாசம் வந்து பாத்துட்டுப் போவாங்க. தொட்டுப் பாத்துட்டு, பத்திரமா இருக்கா பாய்னு கேப்பாங்க.”

முத்தாபுதுப்பேட்டை அடுக்குமாடி எங்கள் தலைவருடையது. ஒரு மாதம் லிஃப்ட் வரவில்லை என்பார், மறு மாதம் மின் இணைப்பு வரவில்லை என்பார்.

அந்த ஆடியின் கடைசிக் கருத்தரங்கை வேலப்பன்சாவடி பக்கம் ஓர் ஓட்டலில் வைத்தோம். டெல்லியிலிருந்து சிறப்பு விருந்தினர் வந்திருந்தார், தமிழ் தெரியாது. தொகுத்து வழங்க அருகிலிருந்த கல்லூரியிலிருந்து ஒரு மாணவியை ஏற்பாடு செய்திருந்தோம். நன்றியுரையை அவளே இரண்டு வரியில் முடித்துவிட வேண்டும் என்பது தலைவர் உத்தரவு. பாய் வெள்ளைச் சட்டை போட்டு வந்து கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

‘வாங்குவோரின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி’ என்று தலைவர் பேசி முடித்தார். கேள்விகள் உண்டா என்று மாணவி கேட்டாள். நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தார். கழுத்தில் நான் கொடுத்த டெலிகேட் அட்டை தொங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தேன்.

“சார், நான் வசந்தி. முத்தாபுதுப்பேட்டையில பிளாட்டுக்குப் பணம் கட்டினவ. ரொம்ப நேரமா சிங்கப்பூர் படம் காட்டிகினு கீறீங்க. நல்லா கீது. என் ஊடு எங்க சார்?”

அவரைச் சுற்றியிருந்த இரண்டு வரிசை முழுவதும் எழுந்தது. எல்லோர் கழுத்திலும் அட்டை. தலைவர் அப்ரூவல், மழை, ஆள் பற்றாக்குறை என்று ஏதோ சொன்னார்.

“அஞ்சு மழ பாத்துட்டோம் சார். எம்பொண்ணு எட்டாவது படிக்கறப்ப புக் பண்ணது. இப்போ காலேஜ் சேர்ந்துட்டா. இன்னிக்கு ஒரு மாசத்தயாச்சும் சொல்லுங்க. அது வரைக்கும் நாங்க இங்கதான் உக்காருவோம்” என்றார் வசந்தி. குரல் உயரவில்லை.

பின்னால் நாற்காலி ஒன்று விழுந்தது. மேடையில் அந்த மாணவி வெளிறிப்போய், கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்து அடுத்து இருந்ததைப் படித்துவிட்டாள்.

“அடுத்து, நன்றியுரை.”

கடைசி வரிசையில் பாய் எழுந்தார். யாரும் தடுப்பதற்குள் நடந்து வந்து மைக்கைப் பிடித்தார். பிறகு நான் விசாரித்தபோது, “கூப்ட்டாங்க, போனேன்” என்றார்.

“எல்லாருக்கும் வணக்கம்” என்று தொடங்கினார். “மொதல்ல நம்ம வசந்தியம்மாவுக்கு. சிங்க்க என் குடோன்ல வுட்டுட்டு இவ்ளோ நாள் பொறுமையா கீறாங்க, அவங்களுக்கு நன்றி.” பிறகு அந்த இரண்டு வரிசையில் இருந்த ஒவ்வொருவருக்கும், பெயர் சொல்லி. யார் எந்தக் கலர் வாஷ்பேசின் வாங்கினார் என்பதுகூட விடுபடவில்லை. கத்த வந்தவர்கள் தங்கள் பெயர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். வந்ததும் உட்கார்ந்தார்கள்.

“கடைசியா நம்ம தலைவருக்கு. வர்ற தை மாசம் இவங்க எல்லாருக்கும் சாவி குடுத்து, தானே கூட நின்னு பால் காய்ச்ச வைக்கப் போறாரு. அந்தப் பெரிய மனசுக்கு நன்றி.”

தலைவரின் வாய் திறந்தது. அதற்குள், பேச்சில் தலைவரைக் கைகாட்டியதை மட்டும் புரிந்துகொண்ட டெல்லி விருந்தினர் கைதட்டினார். அவர் தட்டியதால் பில்டர்கள் தட்டினார்கள். வசந்தி தட்டவில்லை, தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் மேஜையிலிருந்த சால்வையை எடுத்துத் தலைவர் தோளில் போட்டார். சால்வை விழுந்ததும் தலைவரின் கைகள் பழக்கத்தில் தாமாகவே குவிந்தன. போட்டோகிராபர் அந்த இடத்தில் ஒரு படம் எடுத்தார்.

கூட்டம் கலைந்ததும் தலைவர் பாயை ஓரமாக நிறுத்தினார்.

“நான் எப்போ பாய் தை மாசம்னு சொன்னேன்?”

“நீங்க சொல்லல. வேல முடிஞ்சப்புறம் நன்றி சொல்லலாம்னா, அன்னிக்கு எனக்கு மைக் குடுப்பீங்களோ மாட்டீங்களோ. அதான் இன்னிக்கே சொல்லிட்டேன்.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் பேனரைக் கழற்றப் போய்விட்டேன்.

அந்தப் படம் வசந்தியின் கைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் தலைவரின் வாட்ஸப்புக்கு, கும்பிடும் தலைவரின் படத்தோடு ‘காலை வணக்கம், நன்றி’ என்று ஒரு செய்தி வரும். தலைவர் திட்டவும் முடியவில்லை, அது வணக்கம்தான். ஐப்பசியில் லிஃப்ட் வந்து இறங்கியது. பாய் சொன்ன தை வந்தபோது வேலை முடியவில்லை. காலை வணக்கங்களும் நிற்கவில்லை. பங்குனியில் சாவி கொடுத்தார்கள். சித்திரையில் வசந்தி பால் காய்ச்சினார்.

பாயை என் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். தலைவரும் வந்திருந்தார், வேறு வழியில்லாமல். வசந்தி பாய்க்கு நாற்காலி போட்டு, “நாலு வார்த்த பேசுங்க பாய்” என்றார். வசந்தியின் மகள் பயந்துபோய்ப் பார்த்தாள், கேள்விப்பட்டிருப்பாள் போலிருக்கிறது. பாய் எழுந்து, இத்தனை வருஷம் வசந்தியைக் காலி செய்யச் சொல்லாத ஆவடி வீட்டுக்காரரிலிருந்து ஆரம்பித்தார். லிஃப்டைத் தோளில் சுமந்து இறக்கியவர்களுக்கு வந்தபோது அடுப்பில் பால் தீய்ந்துவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை. தலைவரும்தான்.

கிளம்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பருத்திப்பட்டு வழியாகப் போனால் பூந்தமல்லி கிட்டத்தான். நான் திருமுல்லைவாயில், அம்பத்தூர் என்று திரும்பி, வேலப்பன்சாவடி வழியாகப் பூந்தமல்லி வந்து சேர்ந்தேன். பின்சீட்டில் பாய் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். எதிரில் வழிவிட்ட லாரிக்காரருக்குக்கூட ஒரு நன்றி.

கடை வாசலில் இறங்கியதும் கேட்டார். “இன்னா தம்பி, இவ்ளோ தூரம் சுத்தி வந்துட்டே?”

“ரோட்டு வேல நடக்குது பாய்” என்றேன்.

அன்றைக்கு மட்டும் எங்கள் பக்கத்தில் எந்த ரோட்டிலும் வேலை நடக்கவில்லை.